விரால் மீன்

காவிரி கல்லணையைக் கடந்தபின் ஓர் ஆறாக நில்லாது பலவாகப் பிரிகின்றது. வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன் முதலிய கிளைகளாகவும், அவற்றினின்று பிரியும் எண்ணற்ற வாய்க்கால்களாகவும் அது தஞ்சை, திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பகுதிகளின் வயல்களெங்கும் பரவுகின்றது. மேட்டூர் அணை 1934ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. வழக்கமாக ஜூன் 12ஆம் நாள் பாசனத்திற்குத் திறக்கப்பெறும் அவ்வணை ஜனவரி 28ஆம் நாள் மூடப்பெறும். இடைப்பட்ட ஏழரைத் திங்களும் ஆறு, வாய்க்கால், குளம், வயல் எனும் நான்கும் ஒரே நீரால் இணைந்து கிடக்கும். நீர் செல்லும் வழியெல்லாம் மீனும் செல்லும். ஆகவே நெல் விளையும் இந்நிலம் மீன் விளையும் நிலமும் ஆயிற்று. சங்கப் புலவர்கள் மருதநிலத்தைப் பாடும்போது வயலோடு வாளையையும் கெண்டையையும் சேர்த்தே பாடியது வெறும் அணிக்காக அன்று.

இந்நீர்களில் வாழும் மீன்கள் பல. சிறு கெண்டையும் அயிரையும் ஓடும் நீரில் கூட்டமாகத் திரியும். கெளுத்தி அடித்தரையைத் துழாவும். ஆரால் சேற்றில் பாம்புபோல் நெளியும். தேளியின் பெயரே அதன் குணத்தைச் சொல்லும். அதன் முள் தைத்தவர் அன்றிரவு உறங்கார். இவற்றுள் உழவர் பெரிதும் விரும்பித் தேடுவது விரால். பழைய நூல்கள் இதனை வரால் என வழங்கும். கரும்பழுப்பான முதுகும், வெளிறிய வயிறும், பாம்பின் தலை போன்ற தட்டையான தலையும் உடையது அது. சாதாரணமாக ஒரு முழ நீளம் இருக்கும். அரிதாக ஒரு மீட்டரை எட்டுவதும் உண்டு. முள் குறைவு, சதை கெட்டி. நீரைவிட்டு எடுத்தபின்னும் நெடுநேரம் உயிரோடிருப்பதால் சந்தைக்கு வரும்போதும் துள்ளிக்கொண்டே வரும்.

இவ்வாறு உயிர் தரித்திருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பெரும்பாலான மீன்கள் நீரில் கரைந்துள்ள உயிர்வளியைச் செவுள்களாலேயே பெறுகின்றன. விராலுக்கோ செவுளுக்கு மேலே காற்றைத் தேக்கி வைக்கும் அறை ஒன்று அமைந்திருக்கிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது மேலே வந்து வாயால் காற்றை விழுங்கிச் செல்லும். வேறு மீன் வாழமுடியாத கலங்கிய குட்டையிலும் இது வாழ்வது அதனாலேயே. ஆனால் இவ்வசதியே இதற்கு ஒரு தளையும் ஆகும். மேலே வரவிடாமல் வலைக்கடியில் அடக்கிவைத்தால், தெளிந்த நீரிலும் வளர்ந்த விரால் மூச்சுத் திணறி இறந்துபோகும். மீன் நீரில் மூழ்கி இறக்கும் என்றால் நகைப்பீர்கள், விரால் இறக்கும். இதை அறிந்தவர்கள், வாய்க்காலில் பறி வைக்கும்போது அதன் முகட்டை நீருக்குமேல் சிறிது தெரியும்படியே வைப்பர். முழுதும் மூழ்கிய பறியில் காலையில் கிடைப்பது செத்த மீனே.

மீனைப் பிடிப்பது பிந்திய செயல். காண்பதே முந்திய செயல். விரால் தனித்து வாழும் இயல்பினது. ஓட்டமிக்க நடு ஆற்றில் அதைத் தேடிப் பயனில்லை. ஆம்பல், தாமரை, நீர்ப்பூண்டு அடர்ந்த குளத்தோரம், கோரை மண்டிய வாய்க்கால் வளைவு, கரைச் சரிவின் நிழல் ஆகிய இடங்களில் அது அசையாது கிடக்கும். கரையில் அமர்ந்து சற்று நேரம் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தால், இலைகளின் இடையே 'களக்' என்னும் ஒலி எழுந்து, ஒரு வளையம் விரிந்து அடங்கும். விரால் மூச்சு வாங்கிப் போயிற்று என்பது பொருள். அது மறுபடியும் ஏறக்குறைய அவ்விடத்திலேயே எழும். பொறுமையுடன் காத்திருப்பவனுக்கு அதன் இருப்பிடம் புலப்பட்டுவிடும்.

வட அமெரிக்காவின் ஏரிகளில் 'வெள்ளைப் பாஸ்' என்று ஒரு நன்னீர் மீன் உண்டு. அது கூட்டமாகச் சென்று சிறுமீன்களை நீரின் மேற்பரப்புக்கு விரட்டும். அவற்றைக் கொத்தப் பறவைகள் வட்டமிடும். தூண்டிலாளர் பறவைகளை நோக்கிப் படகைச் செலுத்துவர். அங்கே வானத்தைப் பார்க்கின்றனர். இங்கே இலையிடுக்கைப் பார்க்கின்றனர். மீனின் இயல்பு எவ்வாறோ அவ்வாறே தேடுவோன் கண்ணும் பழகுகின்றது.

விரால் ஊன் உண்ணும் மீன். தவளை, சிறுகெண்டை, பூச்சி ஆகியவை அதன் இரை. எனவே தூண்டிலில் சிறு தவளையைக் கோத்து, இலைகளின்மேல் துள்ளித் துள்ளிச் செல்லும்படி மெல்ல இழுப்பர். கெண்டை பிடிப்போர் போல நெட்டி மிதப்பு அமிழ்வதை நோக்கிக் காத்திருக்க வேண்டுவதில்லை; நீர் சிதற விரால் பாய்ந்து கவ்வும். புதியவன் அப்பொழுதே சுண்டி இழுப்பான். தவளை மட்டும் அவன் கைக்கு வரும். பழகியவன் மீன் இரையை உள்வாங்கும்வரை சற்றுப் பொறுத்துப் பின்னர் இழுப்பான்.

முழங்கால் அளவு நீரில் ஊத்தா உதவும். மூங்கிற் குச்சிகளால் கூம்புபோல் முடைந்த கூடை அது; இருபுறமும் வாய் திறந்திருக்கும். அகன்ற வாயைக் கீழாக்கிச் சேற்றில் அழுந்தக் குத்துவர். உள்ளே மீன் அகப்பட்டால் குச்சிகளில் மோதும். அவ்வதிர்ச்சி கையில் தெரியும். உடனே மேல்வாய் வழியாகக் கையை விட்டுச் செவுளின்பின் இறுக்கிப் பிடிப்பர். வேனிலில் குளம் வற்றும்போது ஊரார் பலர் வரிசையாக நின்று ஊத்தா குத்துவதும் உண்டு. கையை விடுமுன் உள்ளே மோதியது விராலா, தேளியா என்று அதிர்ச்சியைக்கொண்டே சொல்லும் முதியவர்கள் இருக்கின்றனர். இவ்வறிவு எந்த நூலிலும் எழுதப்படவில்லை.

இனி, விரால் பிடிப்பதில் கருதவேண்டிய செய்தி ஒன்று உண்டு. புதுநீர் வரும் காலத்திலும் மழைக்காலத்திலும் ஆணும் பெண்ணும் சேர்ந்து நீர்ப்பூண்டுகளை ஒதுக்கி வட்டமாக ஓர் இடத்தைத் துப்புரவு செய்யும். அங்கே இடப்படும் முட்டைகள் தேன்நிறமுடையனவாய் நீரில் மிதக்கும். ஓரிரு நாட்களில் பொரிந்துவிடும். குஞ்சுகள் செந்நிறமாகி நூற்றுக்கணக்கில் ஒரே பந்துபோல் திரண்டு செல்லும். அவையும் காற்றை விழுங்க அடிக்கடி மேலே வருதலால், வெயில் நாளிலும் மழைத்துளி வீழ்ந்தாற்போல் அவ்விடத்து நீர் துடிக்கும். அவற்றின் அடியில் தாயோ தந்தையோ சில வாரங்கள் பிரியாது காவல் செய்யும். வேறு மீனோ தவளையோ நெருங்கினால் சீறிப் பாயும்.

அந்தச் சீற்றமே அதற்குக் கூற்றமாகின்றது. குஞ்சுகளின் நடுவே தவளையை எறிந்தால், பசியில்லாத விராலும் அதனைப் பகையென்று கவ்வும். விராலைப் பிடிக்க இதைவிட எளிய வழி இல்லை. ஆகையால் பலர் இவ்வழியையே நாடுகின்றனர். காவல் போனபின் அக்குஞ்சுகளைக் கெளுத்தியும் குறவையும் நீர்க்காக்கையும் எளிதில் தின்றுவிடும். ஒரு மீனுக்காக ஒரு குளத்தின் அடுத்த ஆண்டு விளைவு அழிகின்றது. செந்நிறக் குஞ்சுகளைக் கண்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறு கரைக்குப் போகின்றவனே என் கருத்தில் நல்ல மீன்பிடிகாரன். குஞ்சுகள் பிரிந்தபின் அதே மீனை அதே இடத்தில் அவன் பிடித்துக்கொள்ளலாமே!

இக்கவலை இன்று தோன்றியதன்று. இந்திய மீன்களை ஆராய்ந்த பிரான்சிஸ் டே என்னும் மருத்துவர் 1873இல் வெளியிட்ட அறிக்கையில், சினை மீன்களும் குஞ்சுகளும் வரையறையின்றிப் பிடிக்கப்படுவதை வருத்தத்துடன் சுட்டிக்காட்டினார். 1897இல் இந்திய மீன்வளச் சட்டம் பிறந்தது. வெடி வைத்தும் நஞ்சிட்டும் மீனைக் கொல்வதை அச்சட்டம் குற்றமாக்கிற்று.

விராலைப் போலவே காற்றை விழுங்கும் மற்றொரு மீன் பனையேறிக் கெண்டை. அது உலகப்புகழ் பெற்றது நம் தரங்கம்பாடியால். டேனியர் ஆட்சியில் அவ்வூர் இருந்தபோது, 1791ஆம் ஆண்டில் டால்டார்ஃப் என்னும் படையலுவலர், குளத்தருகே நின்ற பனையின் பட்டை வெடிப்பில், நீர்மட்டத்திற்கு ஐந்தடி உயரத்தில் இம்மீனைப் பிடித்ததாக எழுதினார். லண்டன் லின்னேயக் கழகம் 1797இல் அதை வெளியிட்டது. செவுள் மூடியின் முட்களை ஊன்றி இம்மீன் ஈரத்தரையில் நகர்ந்து குளம் விட்டுக் குளம் செல்வது உண்மையே. ஆனால் மரத்தில் காணப்பட்டவை தரையில் நகரும்போது காக்கையோ பருந்தோ தூக்கிச் சென்று வைத்தவையாகும் என்று, பின்னாளில் இதன் பழக்கங்களை ஆராய்ந்த தாஸ் என்னும் இந்திய அறிஞர் கருதினார். பெயரை மட்டும் எவராலும் மாற்ற இயலவில்லை.

வயல் மீன்களுக்கு அண்மைக் காலத்தில் இடர்கள் மிகுந்தன. 1960க்குப் பின் விளைச்சலைப் பெருக்கும் முயற்சியில் பூச்சிமருந்துகள் வயலுக்கு வந்தன. அவற்றுள் எண்ட்ரின் மீனுக்குக் கொடிய நஞ்சு; 1990இல் அது தடைசெய்யப்பட்டது. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியா, நம்மவர் நாவில் சிலேபி ஆகி, இன்று குளங்களில் நிறைந்துவிட்டது. 1988இல் வடகிழக்கு மாநிலங்களில் தோன்றிய புண்நோய் பின்னர்த் தென்னாட்டிலும் பரவி, விரால்களைப் பெரிதும் தாக்கியது. இப்போது விரால் குஞ்சுகளைப் பண்ணைகளில் பொரிக்கச் செய்து வளர்க்கின்றனர். எனினும் இரை போதாவிடில் பெரிய குஞ்சு சிறியதை விழுங்கிவிடும்; ஆதலால் அவற்றை அளவு பார்த்து அடிக்கடி பிரித்துவிட வேண்டும்.

தை கழிந்து அணை மூடப்பட்டபின் வாய்க்கால்கள் வறளும். குளம் குட்டையாகி, குட்டை சேறாகும். எல்லா மீனும் போயின என்று கொக்குகளும் பறந்துவிடும். அப்போது விரால் சேற்றுக்குள் புதைந்து, மேற்புறம் காய்ந்து வெடித்தாலும் அடியிலுள்ள ஈரத்தில் உடலை நனைத்துக்கொண்டு, அசைவின்றிக் கிடக்கும். மண் எடுக்க வந்தவர் மண்வெட்டியின் கீழ் உயிருள்ள விராலைக் கண்டு வியப்பதுண்டு. எவர் மண்வெட்டியும் படாதவை, ஆனியில் வாய்க்கால் மடை திறந்து முதல் நீர் சலசலத்து வரும் இரவில், சேற்றை உதறிக்கொண்டு எழுந்து அந்நீரை எதிர்த்து வயலுக்கு ஏறும்.