மாற்றுச் சாவி யார் கையில்?

“இன்னொரு சாவி உங்ககிட்ட இருக்காமே? அதையும் குடுத்துடுங்கம்மா.”

“வீடு என்னுது. ஒரு சாவி என்கிட்ட இருந்தா உனக்கென்ன கஷ்டம்?”

வாடகை வீட்டில் இருந்த சகோதரிகளுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. வாடகை கூடக்குறைய இருந்தால்கூடப் பேசித் தீர்த்துக்கொள்கிறோம். விரல் நீளச் சாவிக்காக முகம் கொடுத்துப் பேசாமல் போனவர்கள் எத்தனை பேர்! நான் பதினோரு வருஷம் குடித்தனக்காரியாக இருந்தவள். இப்போது எங்கள் வீட்டு மாடியில் ஒரு குடித்தனம் வைத்திருக்கிறேன். இரண்டு பக்கத்துக் குறையும் தெரியும் என்பதால்தான் எழுதத் துணிந்தேன்.

தேங்காய் பார்க்க வந்தவர்

கல்யாணமாகித் தஞ்சாவூருக்கு வந்த புதிதில், ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். முன்கட்டில் வீட்டுக்காரம்மா. கொல்லைக்குப் போவதென்றால் எங்கள் பகுதி வழியாகத்தான் போக வேண்டும். எங்கள் வாசல் கதவுக்கு, சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் நைட் லாட்ச். இரண்டு சாவியில் ஒன்று அவரிடம்.

ஒரு நாள் மத்தியானம் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று சாவி திரும்பும் சத்தம். அள்ளிப் போர்த்திக்கொள்வதற்குள் உள்ளே வந்துவிட்டார்.

“ஒண்ணுமில்லம்மா, கொல்லையில மட்டை விழுந்த சத்தம் கேட்டுது. தேங்காய் கெடக்கான்னு பாக்க வந்தேன்.”

கெட்ட எண்ணம் ஏதும் கிடையாது. ஆனால் அன்றிலிருந்து எனக்கு நிம்மதியாக உட்கார முடியவில்லை. இன்னொரு நாள் நாங்கள் வெளியே போய்த் திரும்பினால், கொடியில் கிடந்த துணியெல்லாம் கட்டிலில் மடித்து வைத்திருக்கிறது. மழைக்கு எடுத்துப் போட்டாராம். உபகாரம்தான். ஆனாலும் நாம் இல்லாத நேரத்தில் ஒருவர் நம் படுக்கை அறைவரை வந்து போயிருக்கிறார் என்றால் மனசு என்னவோ செய்கிறது, இல்லையா?

என் கணவர் நயமாகக் கேட்டு அந்தச் சாவியை வாங்கி வந்துவிட்டார். அந்தம்மா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். நானோ ஜெயித்துவிட்டதாக நினைத்து, இரண்டு சாவியையும் அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

ஆடிக் காற்று கற்றுக்கொடுத்த பாடம்

ஆடி மாசம். குழந்தை தூளியில் தூங்குகிறது. அடுப்பில் பால். வாசலில் கீரைக்காரம்மா குரல் கேட்டு ஓடினேன். ஒரு நிமிஷம்தான்! பின்னால் காற்று அடித்து ‘டமார்’ என்று கதவு சாத்திக்கொண்டது. இரண்டு சாவியும் உள்ளே. கொல்லைக் கதவும் உள்பக்கம் தாழ்ப்பாள்.

என் கூச்சல் கேட்டு முதலில் ஓடி வந்தது பேச்சை நிறுத்தியிருந்த அதே வீட்டுக்காரம்மாதான். தச்சரைக் கூட்டி வர ஆள் அனுப்பினார். ஜன்னல் வழியாகக் குழந்தை அழுவது கேட்கிறது. பால் தீயும் வாசனை வந்தது. பிறகு அதுவும் நின்று கேஸ் வாசனை வர ஆரம்பித்தது. பொங்கி அடுப்பை அணைத்துவிட்டிருக்கிறது. தச்சர் வந்து கதவை நெம்பித் திறக்க அரை மணி ஆயிற்று. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, தெய்வாதீனம்.

குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அவர் சொன்னது இவ்வளவுதான்: “சாவி என்கிட்ட இருந்திருந்தா ஒரு நிமிஷத்து வேலைம்மா.”

(கேஸ் கசிந்தால்: அந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். விளக்கு சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடிக் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குச் சொல்லலாம்.)

அன்று சாயங்காலமே ஒரு வழி கண்டோம். மாற்றுச் சாவியை ஒரு உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் இருவரும் கையெழுத்துப் போட்டோம். உறை அவரிடம். ஆபத்துக்கு மட்டும் கிழிக்க வேண்டும், கிழித்தால் உடனே சொல்ல வேண்டும். நாங்கள் காலி செய்யும்வரை அது கிழியவே இல்லை. தேங்காய் விழுந்தால் நானே எடுத்துக் கொடுத்துவிடுவேன்!

நெல் இருக்கும் அறை

நம் காவிரிப் பக்கத்தில் இன்னொரு விதச் சண்டையும் உண்டு. வீட்டுக்காரர் கிராமத்தில் இருப்பார். டவுன் வீட்டை வாடகைக்கு விட்டு, ஒரு அறையை மட்டும் தனக்கென்று பூட்டி வைத்திருப்பார். அதில் பத்தாயமோ, சாப்பாட்டு நெல் மூட்டையோ, பித்தளைப் பாத்திரமோ இருக்கும். குறுவை அறுத்தால் ஒரு தடவை, தை மாசம் சம்பா அறுத்தால் ஒரு தடவை மூட்டையோடு வந்து இறங்குவார். அறைக்கு வழி கூடத்தின் வழியாக. குடித்தனக்காரர் ஊரில் இல்லாவிட்டாலும், வாசல் சாவி ஒன்றுதான் கையில் இருக்கிறதே!

அவர் பக்கமும் நியாயம் உண்டு. அவர் நெல் அவருக்கு வேண்டும். ஆனால் முதல் நாளே ஒரு போன் போட்டு, “நாளைக்குப் பத்து மணிக்கு வர்றேம்மா” என்றால் என்ன குறைந்துவிடும்? பூட்டிய அறை எது, எத்தனை தடவை வருவார் என்பதை வீடு பேசும்போதே எழுதிக்கொண்டால் தகராறே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, வீட்டுக்காரர், குடித்தனக்காரர் இருவருடைய உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு, 22-2-2019 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். பழுது பார்க்கவோ, வீட்டைப் பார்வையிடவோ, ஒப்பந்தத்தில் எழுதிய வேறு நியாயமான காரணத்துக்காகவோ வீட்டுக்காரர் உள்ளே வரலாம். ஆனால் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே, காரணம், நாள், நேரம் குறிப்பிட்டு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

ஆகவே சாவி கையில் இருப்பது வேறு; நினைத்தபோது நுழைவது வேறு. சண்டை முற்றிவிட்டது என்று தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தவும் கூடாது. தீராத வழக்கை வாடகை அதிகாரியிடம் கொண்டு போகலாம்.

இப்படிச் செய்து பாருங்கள்

1. குடி போகும் அன்றே மொத்தம் எத்தனை சாவி, யார் யாரிடம் என்று எண்ணி ஒப்பந்தத்தில் எழுதுங்கள். முன்பிருந்த குடித்தனக்காரர் எல்லாச் சாவியையும் திருப்பிக் கொடுத்தாரா என்று கேளுங்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டாகவே இருக்கட்டும், எத்தனை சாவி உலவுகிறது என்று தெரியாவிட்டால் பூட்டியும் பூட்டாததுதான்.

2. சந்தேகம் இருந்தால், வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் பூட்டை மாற்றுங்கள். பழைய பூட்டைப் பத்திரமாக வைத்திருந்து, காலி செய்யும்போது மாட்டிக் கொடுங்கள்.

3. மாற்றுச் சாவியை உறையில் போட்டு இருவரும் கையெழுத்திடுங்கள். வீட்டுக்காரரிடம் வைக்க மனமில்லையா? இருவருக்கும் வேண்டிய பக்கத்து வீட்டாரிடம் வையுங்கள். எல்லாச் சாவியையும் வீட்டுக்குள் மட்டும் வைக்காதீர்கள்.

4. எதெது ஆபத்து என்பதை முன்கூட்டியே எழுதுங்கள்: தீ, கேஸ் கசிவு, வெள்ளம், குழந்தை மாட்டிக்கொள்வது. இந்த நேரங்களில் 24 மணி நேரம் காத்திருக்க முடியுமா?

5. வீட்டுக்காரச் சகோதரிகளே, சாவி இருந்தாலும் கதவைத் தட்டுங்கள். பதில் வராவிட்டால் திரும்பிப் போங்கள்.

இப்போது உறை என் பீரோவில் இருக்கிறது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தபோது மாடிக் குடித்தனக்காரர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். ஜன்னல் கதவு ஒன்று பிடுங்கிக்கொண்டு சாரல் உள்ளே அடித்தது. அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டு அம்மாவையும் துணைக்கு அழைத்துக்கொண்டு உறையைக் கிழித்தேன். குழந்தையின் பள்ளிக்கூடப் புத்தகங்களைக் கட்டில் மேல் எடுத்து வைத்து, ஜன்னலை இழுத்துக் கட்டிவிட்டு வந்தேன். வேறு எதையும் தொடவில்லை.

அவள் வந்ததும் முதல் காரியமாகப் புது உறை ஒன்றை நீட்டினாள். “கையெழுத்துப் போடுங்கக்கா” என்றாள். அன்றைக்கு எனக்கு என் பழைய வீட்டுக்காரம்மாவின் ஞாபகம்தான் வந்தது.