சொன்ன நேரத்தில் வருபவர்கள்

பல்கலைக்கழகத் தேர்வு காலை பத்து மணிக்கு. பார்வைத்திறன் இல்லாத மாணவி ஒருவர் ஒன்பது மணிக்கே தேர்வுக்கூட வாயிலில் வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாடங்கள் எல்லாம் அவர் நினைவில் உள்ளன. அவர் சொல்லச் சொல்ல எழுதித் தருவதாக ஒப்புக்கொண்ட கல்லூரித் தன்னார்வலர் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. மணி ஒன்பதே முக்கால் ஆகிறது.

கல்லூரி வளாகங்களில் தொண்டுப் பண்பாட்டை வளர்ப்பது குறித்துப் பேசும்போதெல்லாம் இந்தக் காத்திருப்பை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். தன்னார்வலருக்கு அது ஒரு முற்பகல். அம்மாணவிக்கோ அது ஓராண்டுப் படிப்பு.

அரை நூற்றாண்டு கடந்த மரபு

இந்தியக் கல்லூரிகளுக்குத் தொண்டு புதியதன்று. விடுதலைக்குப் பின் டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, மாணவர்கள் தம் விருப்பத்தின்பேரில் தேசிய சேவையில் ஈடுபட வேண்டும் எனப் பரிந்துரைத்தது. காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி, 1969 செப்டம்பர் 24 அன்று, அப்போதைய மத்தியக் கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் நாட்டு நலப்பணித் திட்டத்தை 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கி வைத்தார். இத்திட்டத்தில் சேரும் மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் தொண்டாற்ற வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. கொனார்க் சூரியக் கோயிலின் தேர்ச்சக்கரமே இதன் சின்னம். அச்சக்கரத்தின் எட்டு ஆரங்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தையும் குறிக்கின்றன. எந்நேரமும் ஆயத்தமாக இருப்பதே அதன் பொருள்.

கணக்கும் கடமையும்

மணிக்கணக்கு தேவைதான். ஆனால் கணக்கு மட்டுமே எஞ்சும்போது தொண்டு சடங்காகிவிடுகிறது. மழைக்காலத்தில் நட்ட கன்றுக்கு அடுத்த கோடையில் தண்ணீர் ஊற்ற ஆளிருப்பதில்லை. முகாம் முடிந்ததும் ஊருக்குத் திரும்பிச் செல்வோர் குறைவு.

இரத்த தானத்தையே எடுத்துக்கொள்வோம். தானமாகப் பெறும் இரத்தத்திலிருந்து பிரிக்கப்படும் தட்டணுக்களைச் சுமார் ஐந்து நாட்களே பாதுகாக்க இயலும். சிவப்பணுக்களுக்கும் ஏறத்தாழ ஆறு வாரங்களே ஆயுள். ஒரே நாளில் நூறு பேர் திரண்டு, பின்னர் பல மாதங்கள் எவரும் செல்லாதிருப்பதைவிட, அந்நூறு பேரும் முறைவைத்துச் செல்வது நோயாளிகளுக்குப் பெரிதும் உதவும். ஆண்கள் 90 நாட்களும் பெண்கள் 120 நாட்களும் இடைவெளி விட வேண்டும் என்பதை ஒட்டியே அம்முறையை வகுத்துவிடலாம்.

பண்பாடாக வேரூன்ற

நிலைத்த பண்பாட்டுக்குப் பெருந்திட்டங்களைவிடச் சிறு ஒழுங்குகளே அடித்தளம்.

முதலாவது, உதவி பெறுவோரிடம் முதலில் கேட்பது. முதியோர் இல்லத்துக்குத் தேவைப்படுவது கலைநிகழ்ச்சியாக இல்லாமல், வாரம் ஒருமுறை மருந்துக்கடை சென்றுவர ஓர் ஆளாக இருக்கலாம்.

இரண்டாவது, ஒவ்வொரு பொறுப்புக்கும் இருவரை நியமிப்பது. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவர் செல்வார்.

மூன்றாவது, கையளிப்பு. மூன்றாம் ஆண்டு மாணவர்கள் விடைபெறும்போது அவர்களது அனுபவமும் வளாகத்தை விட்டு வெளியேறிவிடுகிறது. யாரைச் சந்திக்க வேண்டும், எது பயன்பட்டது, எது பயன்படவில்லை என்பவற்றை எழுதிவைத்த ஒரு குறிப்பேடு அடுத்த அணிக்குப் பெருஞ்செல்வம்.

நான்காவது, மறுக்கும் உரிமை. இயலாது என்று முன்கூட்டியே சொல்பவரை நாம் குறை கூறலாகாது. ஒப்புக்கொண்டு வராமலிருப்பதே பிழை.

வங்கி வாயிலிலும் தொண்டு

நம் அன்றாட வாழ்வுக்கு நெருக்கமான ஒரு பணியும் உண்டு. இந்திய ரிசர்வ் வங்கி ஆண்டுதோறும் நிதிக் கல்வி வாரத்தை நடத்தி வருகிறது. கைப்பேசி வழிப் பணப்பரிமாற்றத்தைக் கண்டு தயங்கும் முதியவர்களுக்கு, ஒரு கல்லூரி மாணவர் பொறுமையுடன் கற்றுத்தரும் அரைமணி நேரம் பேருதவி.

ஆனால் இதிலும் ஓர் எல்லை உண்டு. முதியவரின் ரகசிய எண்ணையோ ஒருமுறைக் கடவுச்சொல்லையோ தன்னார்வலர் கேட்கக் கூடாது. அவர் கைப்பேசியைத் தாம் வாங்கி இயக்கவும் கூடாது. அவரே செய்து பழகும்வரை அருகிலிருக்க வேண்டும். இணையவழி மோசடி நேர்ந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும் என்பதையும் சொல்லித்தர வேண்டும். 'நல்ல பிள்ளைதானே' என்று எண்ணி எவரிடமும் ரகசிய எண்ணைச் சொல்லாதிருக்கப் பழக்குவதும் இத்தொண்டின் பகுதியே.

பெற்றோராகவும் முன்னாள் மாணவர்களாகவும் நமக்கும் இதில் பங்குண்டு. வீடு திரும்பும் பிள்ளையிடம் மதிப்பெண்ணைக் கேட்பதுபோல, 'இந்த வாரம் யாருக்குச் சொல் கொடுத்தாய்? நிறைவேற்றினாயா?' என்றும் கேட்கலாம்.

தேர்வுக்கூட வாயிலுக்குத் திரும்புவோம். வரவேண்டியவருக்கு வழியில் விபத்து. விடியற்காலையில் வீட்டைவிட்டுப் புறப்பட்டவர், உடனே மாற்றுத் தன்னார்வலருக்குத் தகவல் சொல்லிவிட்டார். அவசர நிலையில் எழுதித் தருபவரை மாற்றிக்கொள்ள, மத்திய அரசின் 2018 ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளும் இடமளித்தன. பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் மற்றொருவர் மூச்சிரைக்க வந்து, தம் பெயரைச் சொல்லி அம்மாணவியை உள்ளே அழைத்துச் செல்கிறார். முன்னரே இருவர் பெயரை எழுதிவைத்த ஒரு வளாகத்தில்தான் இது நடக்கும்.