துயரிலே துணை

கொழும்பு கொட்டாஞ்சேனையிலுள்ள கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குச் செவ்வாய்க்கிழமைதோறும் கத்தோலிக்கர் மட்டுமன்றிச் சைவரும் பௌத்தரும் வருவர். துயரத்திற்குச் சமய பேதமில்லை போலும்! 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிற்றுப் பூசை வேளையில், அங்கே குண்டு வெடித்தது. நீர்கொழும்பு, மட்டக்களப்புத் தேவாலயங்களும் கொழும்பு ஹோட்டல்களும் அன்றே தாக்கப்பட்டன. 250 பேருக்கு மேல் மாண்டனர்.

இத்தகைய இழப்பில் விசுவாசம் யாது செய்யும்? அழாதே என்று அது தடுப்பதில்லை. இலாசருவின் கல்லறையருகே இயேசுநாதரே கண்ணீர் விட்டார். சங்கீதங்களிற் பல, இறைவனை நோக்கி ஏன் என்று வினவும் புலம்பல்களேயாம். ஆறுதல் சொல்ல வருவோர் இதனை மறந்து, எல்லாம் இறைசித்தம் என விரைந்து கூறிவிடுவதுண்டு. அது வெந்த புண்ணிலே வேல் பாய்ச்சுவதாகும். கேள்வியோடு இறைவன்முன் நிற்பதும் செபமே. அக்கேள்வியை ஒருவர் தனியே சுமவாதபடி, சபையார் உடனிருந்து அழுகின்றனர். இழவு வீட்டிலே கூடிச் செபிக்கும் வழக்கத்தின் பொருளும் இதுவே.

கடற்படையினர் திருத்தியமைத்த கொச்சிக்கடைக் கோவில், அந்தோனியார் திருநாளுக்கு முந்திய தினமான ஜூன் 12ஆம் நாள் மீண்டும் திறக்கப்பட்டது. உறவினரை இழந்தோர் அங்கே மெழுகுதிரி ஏற்றுகின்றனர். தாக்குதலின் முழு உண்மையையும் வெளியிடுமாறு கேட்டும் நிற்கின்றனர்.