பியூஸ் அடிக்கடி போகிறதா? பழைய பலகையை மாற்றுங்கள்!

இரவு 8 மணி. பிள்ளைகள் பாடம் படிக்கிறார்கள். அம்மா கிரைண்டரில் மாவு அரைக்கிறாள். திடீர் என்று வீடு இருண்டுவிடுகிறது.

"அப்பா, பியூஸ் போயிடுச்சு!" என்று பையன் கத்துகிறான்.

அப்பா ஸ்டூலைப் போட்டு ஏறுகிறார். பீங்கான் கட்டையைப் பிடுங்குகிறார். "மெல்லிசுக் கம்பி நிக்க மாட்டேங்குது. தடிச்ச கம்பியாப் போடறேன்" என்கிறார்.

விளக்கு எரிகிறது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால், வீட்டைக் காக்கும் நாயின் வாயை அப்பா கட்டிவிட்டார்!

பழைய வீடுகளில் இந்தக் காட்சியை இன்றும் காணலாம்.

பியூஸ் எதற்கு?

பியூஸ் கம்பி வேண்டும் என்றேதான் மெல்லியதாக இருக்கிறது. அளவுக்கு மேல் மின்சாரம் பாய்ந்தால் அது உருகி அறுந்துவிடும். வீட்டு ஒயர் தப்பிவிடும்.

தடித்த கம்பி போட்டால் அது உருகாது. அதற்குப் பதில் சுவரில் ஓடும் ஒயர் சூடேறும். ஒயரின் மேல் உறை இளகும். பிறகு தீதான்!

அந்தக் காலம் வேறு

பழைய பலகையை மாட்டியபோது வீட்டில் என்ன இருந்தது? நாலு விளக்கு, ஒரு மின்விசிறி, ஒரு ரேடியோ.

இன்று? குளிர்சாதனப் பெட்டி, மிக்சி, கிரைண்டர், துணி துவைக்கும் எந்திரம். 2,000 வாட் வெந்நீர்க் கருவி ஒன்று மட்டும் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கிறது.

பலகையோ மரம். சூடு பட்டால் கருகும். கறையான் அரிக்கும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பழைய பலகைகள் சிலவற்றில் நியூட்ரல் கம்பியிலும் பியூஸ் இருக்கும். அது போனால் விளக்கு அணையும். ஆனால் பேஸ் கம்பியில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். "கரண்டு இல்லை" என்று நினைத்துத் தொட்டவர் கதி என்ன?

கருகிய வாடை, பலகையில் பழுப்புக் கறை, "உர்" என்ற சத்தம், கட்டையைத் தொட்டால் சூடு. இவற்றில் ஒன்று இருந்தாலும் போதும். உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

புதிய பெட்டி

இப்போது பியூஸ் கட்டைக்குப் பதில் எம்.சி.பி. என்ற சிறு சுவிட்ச் வந்துவிட்டது. ஜெர்மனியில் 1924-ல் உருவானது இது. மின்சாரம் அளவு மீறினால் தானே கீழே விழுந்துவிடும். கோளாறைச் சரி செய்து, மறுபடி தூக்கிவிட்டால் போதும்.

ஆனால் ஒன்று. பியூசும் எம்.சி.பி.யும் ஒயரைத்தான் காக்கும். ஆளைக் காக்காது!

ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமா என்று அது கணக்குப் பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலும், கண் இமைக்கும் நேரத்தில் மின்சாரத்தை வெட்டிவிடும்.

30 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு ஆம்பியரில் 100-ல் 3 பங்கு. 5 ஆம்பியர் பியூசுக்கு அது கொசுக்கடி. அதைத் தாண்டி உடம்பில் பாய்ந்தால், மனிதனின் இதயத்துக்கு அதுவே எமன்!

பெட்டியில் இரண்டும் இருக்க வேண்டும். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

கவனிக்க வேண்டியவை

* உரிமம் பெற்றவரிடமே வேலையை ஒப்படையுங்கள். நீங்களே கை வைக்காதீர்கள்.

* மீட்டர் சீலைத் தொடக் கூடாது. அந்தப் பக்கம் மின்சாரத்தை நிறுத்த, மின்சார அலுவலகத்தில் சொல்லுங்கள்.

* ஒயருக்குத் தக்க எம்.சி.பி. போட வேண்டும். விளக்குக்கான 1.5 சதுர மில்லி மீட்டர் ஒயருக்கு 6 அல்லது 10 ஆம்பியர். 2.5 ஒயருக்கு 16 ஆம்பியர். "அடிக்கடி விழுகிறதே" என்று பெரிதாகப் போட்டால், அதுவும் தடித்த கம்பிக் கதைதான்!

* ரப்பர் உறை போட்ட பழைய ஒயர் வெடித்திருந்தால், அதையும் மாற்றுங்கள். பழைய ஒயருக்குப் புதுப் பெட்டி, கிழிந்த வேட்டிக்குப் பட்டுக்கரை!

* எர்த் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள்.

* புது ஆர்.சி.சி.பி. ஓயாமல் விழுகிறதா? எங்கோ மின்சாரம் கசிகிறது. அல்லது இன்வெர்ட்டரின் நியூட்ரலும் வீட்டு நியூட்ரலும் கலந்திருக்கலாம். சிலர் அதைக் கழற்றிவிட்டு நேராக இணைத்துவிடுவார்கள். இதற்குச் சம்மதிக்கவே கூடாது. கோளாறைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

மாதம் ஒரு முறை

ஆர்.சி.சி.பி.யில் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அதை மாற்ற வேண்டும்.

இனி இரவில் வீடு இருண்டால், அப்பா கம்பியைத் தேட வேண்டாம். எந்தச் சுவிட்ச் விழுந்தது, ஏன் விழுந்தது என்று பார்த்தால் போதும்.

ஒரு பெட்டிக்குச் செலவாகும் பணம் பெரிதா? அடுத்த அறையில் தூங்கும் குழந்தை பெரிதா?