குளக்கட்டில் காற்று வாங்கும் முன்

வைரவபுளியங்குளம், பண்டாரிக்குளம், நெளுக்குளம், கூமாங்குளம், தாண்டிக்குளம். வவுனியாவில் ஒருவரிடம் எந்த இடம் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு குளத்தின் பெயர்தான் பதிலாக வரும். வயலுக்கு நீர் பாய்ச்ச ஊரவர் கட்டிய இந்தக் குளங்கள் இன்று மாலை நேரத்து உலாவுமிடங்களாகவும் ஆகியிருக்கின்றன. மருத மர நிழலில் நடைப்பயிற்சி, வான் பாயும் நாளில் குளிப்பு, தூண்டிலோடு ஒரு பொழுது. இன்னொரு பக்கம், தோட்டத்திலும் விடுதியிலும் சொந்தமாகக் குளம் கட்டிப் படகு விடும் ஆசையும் வளர்கிறது.

இதில் குறை சொல்ல எதுவுமில்லை. மக்கள் வந்து போகும் குளத்துக்குக் கவனிப்பும் கிடைக்கும். ஆனால் குளத்தை அழகாக்குகிற வேலை அதன் வானையும் கட்டையும் துருசையும் தொடத் தொடங்கும்போது, கீழேயிருக்கும் ஊரின் உயிரோடு விளையாடுவதாகிவிடுகிறது. இதற்கு உலகம் கொடுத்த விலை பெரியது.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் சௌத் ஃபோர்க் அணை முதலில் கால்வாய்ப் போக்குவரத்துக்காகக் கட்டப்பட்ட மண் அணை. 1879இல் அது தனியார் கைக்கு மாறி, மீன்பிடிக்கவும் வேட்டையாடவும் அமைந்த ஒரு கழகத்தின் சொத்தானது. ஆண்ட்ரூ கார்னகி, ஹென்றி ஃபிரிக் போன்ற பெருஞ்செல்வர்கள் அதன் உறுப்பினர்கள். கோடைவிடுதிகள் எழுந்தன, ஏரியில் படகுகள் மிதந்தன.

அந்த உல்லாசத்துக்காக அணையில் செய்யப்பட்ட மாற்றங்கள்தான் கவனிக்கவேண்டியவை. குதிரை வண்டிகள் எதிரெதிரே போய்வர வசதியாக அணையின் உச்சி வெட்டித் தாழ்த்தப்பட்டது. ஏரியில் விட்ட மீன்கள் தப்பிப்போகாமலிருக்க, வெள்ளம் வெளியேறும் வழியில் கம்பித் தடுப்புகள் போடப்பட்டன. அடியில் நீரைத் திறந்துவிட இருந்த இரும்புக் குழாய்களைக் கழகத்துக்கு முன்பிருந்த உரிமையாளர் ஏற்கெனவே கழற்றி விற்றிருந்தார். கழகம் அவற்றை மீண்டும் பொருத்தவில்லை. அணையின் நடுப்பகுதி சற்றே தாழ்ந்திருந்ததும் சரிசெய்யப்படவில்லை.

1889 மே 31. பெருமழையில் அடித்துவந்த கிளைகளும் குப்பையும் கம்பித் தடுப்பை அடைத்தன. ஏரி உச்சியைத் தாண்டி, தாழ்ந்திருந்த நடுப்பகுதியில் வழிந்தது. பிற்பகலில் அணை உடைந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் வெள்ளம் 14 மைல் கீழேயிருந்த ஜோன்ஸ்டவுனை அடைந்தது. 2,209 பேர் மாண்டார்கள். மாற்றங்கள் செய்யாதிருந்தாலும் அணை உடைந்திருக்கும் என்று 1891இல் பொறியியலாளர் குழுவொன்று அறிக்கை தந்தது. 2016இல் வெளியான நீரியல் ஆய்வு அதை மறுத்தது. உச்சியைத் தாழ்த்தாமல், பழைய வடிவிலேயே விட்டிருந்தால் அன்றைய மழையை அணை கடந்திருக்கும் என்பது அதன் முடிவு.

சில அடி உயரம் இத்தனை வித்தியாசம் செய்யுமா? செய்யும். வானின் மேல் நீர் எவ்வளவு உயரத்துக்கு நிற்கிறதோ, அந்த உயரத்தின் ஒன்றரை அடுக்குக்கு ஏற்பவே வெளியேறும் அளவு அமையும். கட்டின் உச்சிக்கும் வானின் மட்டத்துக்கும் இடையே 2 மீற்றர் இருந்த இடத்தில் 1 மீற்றர்தான் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வான் பாதுகாப்பாக வெளியேற்றக்கூடிய வெள்ளம் பாதியாக அல்ல, மூன்றிலொரு பங்களவுக்குக் குறைந்துவிடும். உச்சியைத் தாழ்த்தினாலும் கணக்கு இதுதான், வானை உயர்த்தினாலும் இதுதான்.

வன்னியில் இந்தக் கணக்குக்கு நேரடி வேலை இருக்கிறது. சிறுபோகத்துக்குக் கூடுதலாக நீர் தேக்கலாம் என்று வானில் மண்மூட்டை அடுக்குவதும், வான் பாயும்போது மீனுக்காகக் குறுக்கே வலை கட்டுவதும் புதிய பழக்கங்களல்ல. படகு விடுகிற குளமென்றால் எப்போதும் நிறைந்து தெரியவேண்டும் என்ற ஆசையும் சேர்ந்துகொள்ளும். வடகீழ்ப் பருவமழை ஒரே இரவில் கொட்டித் தீர்க்கும் நாட்டில், நிறைந்த குளமும் அடைபட்ட வானும் ஒன்றுசேர்ந்தால் நீர் கட்டின் மேலால்தான் போகும். மண்கட்டு அதைத் தாங்காது. வழியும் நீர் கட்டின் வெளிச்சரிவை அரிக்கத் தொடங்கினால், சில மணி நேரத்தில் உடைப்பு அடிவரை இறங்கிவிடும்.

வெள்ளமே இல்லாமலும் குளம் உடையும். 1986 ஏப்ரல் 20 அதிகாலை, கந்தளாய்க் குளம் உடைந்து 120 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். அது மாரிகாலமல்ல. கட்டுக்குள் ஏற்பட்ட கசிவும், கட்டின் மேல் ஓடிய கனரக வாகனங்களும் காரணங்களாகப் பேசப்பட்டன. குளக்கட்டை வண்டிப்பாதையாக்குவது ஏன் கூடாது என்பதற்கு இதைவிட அருகிலுள்ள பாடம் இல்லை. சக்கரத் தடம் பதிந்த இடம் கட்டின் மிகத் தாழ்ந்த இடமாகிறது, மழைநீர் அங்கேயே தேங்கி உள்ளே இறங்குகிறது, வெள்ளம் வந்தால் அங்கேதான் முதலில் வழிகிறது. உணவுக்கடைக்காகக் கட்டைக் குடைவதும், விளக்குக் கம்பத்துக்குக் குழி தோண்டுவதும், அழகுக்காகப் பெருமரம் நடுவதும் இதே வகைத் தீங்குகள். மரம் பட்டுப்போனபின் உக்கிய வேர் விட்டுச்செல்லும் குழாய்வழி, நீருக்குத் திறந்த வாசல். கறையான் புற்றும் உடும்பு வளையும் அப்படித்தான்.

தனியார் குளங்களின் கதையை ஜோர்ஜியா மாநிலத்தின் டொக்கோவா சொல்கிறது. கெல்லி பார்ன்ஸ் அணை ஒரு வேதாகமக் கல்லூரிக்குச் சொந்தமானது. 1957வரை மின்சாரம் தந்தது, பின்பு பொழுதுபோக்கு ஏரியாக மட்டும் நின்றது. பயன் மாறியதும் பராமரிப்பும் தேய்ந்தது. வெளிச்சரிவில் மரங்கள் வளர்ந்தன. சரிவின் ஒரு பகுதி சில ஆண்டுகளுக்கு முன்பே சரிந்திருந்தது. 1977 நவம்பர் 6 நள்ளிரவு கடந்து அணை உடைந்து, கீழே கல்லூரி வளாகத்தில் உறங்கிக்கொண்டிருந்த 39 பேரைக் கொன்றது. அதன் பிறகே ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர், தனியாருடையவை உள்ளிட்ட ஆபத்தான அணைகளைப் பரிசோதிக்க உத்தரவிட்டார். ஏறத்தாழ 8,800 அணைகள் பார்க்கப்பட்டன. மூன்றிலொரு பங்கு பாதுகாப்பற்றவை என்று தெரியவந்தது.

சிறிய குளம்தானே என்பது தவறான ஆறுதல். ஒரு ஹெக்டேயரில் சராசரி 2 மீற்றர் ஆழத்துக்குத் தேங்கும் நீரின் எடை 20,000 தொன். நிலமட்டத்துக்குக் கீழே வெட்டிய குளத்தில் அது ஆபத்தில்லை. கட்டுப் போட்டு நிலமட்டத்துக்கு மேலே நிறுத்திய நீர்தான் ஆபத்து. வன்னியில் குளங்கள் தனித்தனியாகவும் இல்லை. மேல்குளத்தின் வான்நீர் கீழ்க்குளத்தின் வரத்து. வவுனியா மாவட்டத்தில் தொடங்கும் கனகராயன் ஆறு இரணைமடுவைத் தேடிப்போகிறது. மேலே ஒன்று உடைந்தால் அடுத்ததன் கட்டில்தான் போய் மோதும். பெருமழையில் குளக்கட்டு உடைவது இந்நாட்டுக்குப் புதிதுமல்ல. 1957 டிசெம்பர் பெருவெள்ளத்தில் அநுராதபுரத்து நாச்சியாதீவுக் குளம் உடைந்தது. 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் மழையில் மாவிலாற்றின் கட்டு உடைந்தது.

குளத்தின் உட்பக்கத்திலும் கணக்கு உண்டு. வவுனியா நகரக் குளத்தின் ஒரு பகுதியை மண்ணிட்டு உயர்த்திப் பொழுதுபோக்கிடம் அமைத்தபோது ஊரில் எதிர்ப்பு எழுந்தது. அந்தக் கவலை நியாயமானது. 2 மீற்றர் ஆழமுள்ள ஓர் ஏக்கரை நிரப்பினால் 8,000 கனமீற்றர் நீருக்கு இடமில்லாமற்போகும். அதே மழைக்குக் குளம் முன்னிலும் வேகமாக உயரும்.

குளிக்க வருகிறவர்களுக்கு இரண்டு இடங்கள் ஆகவே ஆகாது. ஒன்று, வானின் அடி. விழும் நீர் அங்கே உருண்டு திரும்பி, அகப்பட்டவரை மீண்டும் மீண்டும் கீழே இழுக்கும். நீச்சல் தெரிந்தவருக்கும் அதே கதிதான். மற்றது, துருசின் வாய். 3 மீற்றர் ஆழத்தில் 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள திறந்த துளையை ஒருவரின் உடல் அடைத்துக்கொண்டால், அவரை அங்கே அழுத்தும் விசை 200 கிலோவுக்கு மேல். நாலு பேர் சேர்ந்து இழுத்தாலும் எடுப்பது கடினம். துருசைப் பூட்டுவதுதான் வழி.

இவ்வளவும் தெரிந்து செய்தால் குளமும் உல்லாசமும் ஒத்துப்போகும். நடைபாதை கட்டின் அடியிலிருந்து தள்ளிக் கீழே போகட்டும், அல்லது உச்சியில் வாகனம் ஏறாதபடி மறித்து ஆட்கள் மட்டும் நடக்கட்டும். கடையும் இருக்கையும் கட்டுக்கு வெளியே உறுதியான நிலத்தில் அமையட்டும். படகுத்துறை வானிலிருந்தும் துருசிலிருந்தும் விலகியிருக்கட்டும். சரிவுகளில் புல் மட்டும் வளரட்டும். 80 ஹெக்டேயர் வரை நீர்பாய்ச்சும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. அவற்றில் கைவைக்கும் எந்தத் திட்டமும் முதலில் கமக்காரர் அமைப்பின் கூட்டத்துக்கு வரவேண்டும். தனியார் குளமென்றால், கட்டும் முன்பே பொறியியலாளர் ஒருவர் வானின் அகலத்தைக் கணக்கிட்டுத் தரவேண்டும். கீழே யார் யாருடைய வீடுகளும் வயல்களும் இருக்கின்றன என்பதை உரிமையாளர் எழுதிவைத்திருக்கவேண்டும்.

ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் மழைக்கு முன் வானைத் துப்புரவாக்கி, துருசுக் கதவை ஒருமுறை ஏற்றியிறக்கிப் பார்த்து, கட்டின் வெளிச்சரிவை அடியோரமாக நடந்து பார்ப்பது அரைநாள் வேலை. தெளிந்த நீர் அளவு மாறாமல் கசிந்தால் இடத்தைக் குறித்துவைத்துத் தொடர்ந்து கவனித்தால் போதும். கசிவு கலங்கலாக வந்தால், கட்டின் மண்ணே உள்ளிருந்து கரைந்து வருகிறது என்று பொருள். அப்போது கட்டிலிருப்பவர்களை உடனே இறக்கி, கீழுள்ள வீடுகளுக்குச் சொல்லி, கமநல சேவை நிலையத்துக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் அழைக்கவேண்டும்.