பெயர் ஒன்று, கதவு வேறு

அமெரிக்காவில் டாக்டராக இல்லாமலே நோயாளியைப் பரிசோதித்து, நோயைக் கண்டறிந்து, மருந்துச் சீட்டும் எழுதுகிறவர்களில் முக்கியமானவர்கள் இரண்டு வகை: பிசிஷியன் அசிஸ்டென்ட், நர்ஸ் பிராக்டிஷனர். இரண்டும் 1965-இல், டாக்டர் பற்றாக்குறையில் பிறந்தவை. டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட், கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்த நால்வரைக் கொண்டு பிசிஷியன் அசிஸ்டென்ட்களுக்கான முதல் வகுப்பைத் தொடங்கினார். கொலராடோவில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் நர்ஸ்களுக்கு மேற்பயிற்சி கொடுத்தார்கள். டியூக்கில் டாக்டர் படிப்பைச் சுருக்கினார்கள். கொலராடோவில் நர்ஸ் படிப்பை நீட்டினார்கள். இன்றைய வேறுபாடுகளில் பெரும்பாலானவை இதிலிருந்து முளைத்தவைதான்.

பிசிஷியன் அசிஸ்டென்ட் சுமார் 27 மாத முதுநிலைப் படிப்பில் எல்லாத் துறைகளையும் தொட்டுவிடுகிறார். அதனால் எலும்பு சிகிச்சையில் சலித்தால், மறுபடி கல்லூரிக்குப் போகாமலே தோல் நோய்ப் பிரிவுக்கு மாறலாம். ஆனால் பெரும்பாலான மாநிலங்களில் ஏதாவது ஒரு வகையில் டாக்டரோடு பிணைந்தே வேலை செய்ய வேண்டும். நர்ஸ் பிராக்டிஷனர் முதலில் நர்ஸாக இருக்க வேண்டும். குடும்ப மருத்துவமா, குழந்தைகளா, மனநலமா என்று சேரும்போதே முடிவு செய்ய வேண்டும். பின்னால் மனம் மாறினால் மறுபடி வகுப்பறை. அதற்கு ஈடாக, பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் டாக்டரின் மேற்பார்வை இல்லாமல் சொந்தமாகக் கிளினிக் நடத்தலாம்; அவற்றில் சிலவற்றில் தொடக்க காலத்தில் மட்டும் மேற்பார்வை உண்டு. ஆகவே எந்தக் கட்டு நமக்கு உறுத்தாது என்பதுதான் கேள்வி. சம்பளம்தானே முக்கியம் என்பார்கள். 2023-இல் இடைநிலை ஆண்டுச் சம்பளம் முன்னவருக்கு 1,30,020 டாலர், பின்னவருக்கு 1,26,260. இந்த வித்தியாசத்துக்காக வாழ்நாள் வேலையைத் தீர்மானிப்பது வீண். பிசிஷியன் அசிஸ்டென்ட்களுக்கான சட்டங்கள் தளர்ந்து வருகின்றனவே என்பது நியாயமான வாதம். ஆனால் அது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. வரப்போகும் சட்டத்தை நம்பி இன்று கடன் வாங்க முடியாது.

தமிழ்நாட்டு மாணவருக்கு இதில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. சென்னையில் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் டாக்டர் கே.எம். செரியன் 1992-இல் தொடங்கிய பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பு, இன்று பல கல்லூரிகளில் பி.எஸ்சி. பட்டமாகக் கிடைக்கிறது. பெயர் அமெரிக்கப் பெயர்தான். ஆனால் அங்கே உரிமத் தேர்வு எழுத, அந்நாட்டு அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்திருக்க வேண்டும். நம் பட்டம் அதற்குச் செல்லாது. பி.எஸ்சி. நர்சிங் முடித்தவரோ சான்றுகளைச் சரிபார்த்துக்கொண்டு அங்குள்ள நர்ஸ் உரிமத் தேர்வை எழுதலாம். பிறகு நர்ஸ் பிராக்டிஷனராகவும் மேலே படிக்கலாம். எல்லாரும் கடல் தாண்டவா படிக்கிறார்கள் என்று கேட்கலாம். இல்லைதான். சென்னையிலேயே இதய அறுவை அரங்கில் சர்ஜன் பக்கத்தில் நிற்க ஆசைப்படுகிறவருக்கு பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பே பொருத்தம். ஆனால் அமெரிக்காவை நினைத்துக் கட்டணம் கட்டுகிற குடும்பம், பட்டம் அங்கே செல்லுமா என்ற இந்த ஒரு விவரத்தைச் சேர்க்கை மேசையிலேயே கேட்டுவிட வேண்டும். அந்த மேசையில் யாரும் தாமாக வந்து சொல்லமாட்டார்கள்.