வண்ணம் பூசும் முன் ஈரம் பாருங்கள்

நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, தீபாவளிக்குச் சில வாரங்கள் இருக்கையில் வீட்டுக்கு வண்ணம் பூசுவது எங்கள் குடும்பத்தின் வழக்கம். மும்பை செம்பூரில் மூன்றாம் மாடியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வயது முப்பதைக் கடந்துவிட்டது. படுக்கையறையின் மேற்குச் சுவரில் உப்புப் பூத்து, பழைய வண்ணம் செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தது. பெயிண்டர் அதனைச் சுரண்டி, பட்டி தடவி, விலையுயர்ந்த எமல்ஷனை இரண்டு முறை பூசினார். அவ்வாண்டு போனஸ் முழுவதும் அதற்கே சென்றது. அடுத்த ஜூலையில், மழை தொடங்கிய ஐந்தாம் வாரத்தில், அதே இடத்தில் வண்ணம் கொப்புளித்தது. பெயிண்டரைக் குறை கூற மனம் வரவில்லை. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

சுவருக்குள் புகுந்த நீர், சிமென்ட்டிலும் செங்கல்லிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வெளிப்பரப்பை நாடி வருகிறது. நீர் ஆவியாகிறது, உப்பு படிகமாகி, மேலுள்ள வண்ணத்தை உந்தித் தள்ளுகிறது. எவ்வளவு உயர்ந்த வண்ணமாயினும் இவ்விசைக்கு முன் நிற்பதில்லை. பட்டியும் நீரைத் தடுக்கும் பொருளன்று; சுவரைச் சமன் செய்வதே அதன் பணி.

ஈரத்தை அறிய எளிய வழி உண்டு. ஒன்றரை அடிச் சதுரமான பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் இறுக ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். தாளின் உட்புறம் நீர் முத்துகள் இருந்தால் ஈரம் சுவரினுள் இருக்கிறது. வெளிப்புறம் மட்டும் நனைந்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். சன்னலைத் திறந்து வைத்தாலே பெரும்பாலும் குறையும்.

எங்கள் வீட்டில் உட்புறம் நனைந்திருந்தது. தென்மேற்குப் பருவமழை நேரே அறையும் வெளிச்சுவரில் விரிசல்கள் இருந்தன. மகாராஷ்டிரக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களின் மாதிரித் துணைவிதிகளின்படி, வெளிச்சுவர் வழியாக வரும் மழைநீர்க் கசிவைச் சரிசெய்வது சங்கத்தின் பொறுப்பு. குளியலறை, சமையலறைக் குழாய்க் கசிவு வீட்டுக்காரர் பொறுப்பு. இதனை அறிந்த பின்னரே எழுத்துமூலம் விண்ணப்பித்தோம். விரிசல் அடைக்கப்பட்டபின், உள்ளே பூச்சைச் சிமென்ட் வரை கொத்தி எடுத்து, உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டினோம். நீர் விட்டுக் கழுவினால் உப்பு மீண்டும் கரைந்து உள்ளே சென்றுவிடும்.

பழைய வண்ணத்தைச் சுரண்டுகையில் ஓர் எச்சரிக்கை. வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்னும் விதி 2017 நவம்பரிலிருந்தே நடைமுறையில் உள்ளது. அதற்கு முற்பட்ட வண்ணத்தின் தூசியில் ஈயம் மிகுதியாக இருக்கக்கூடும். சுவரை நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். குழந்தைகளை அவ்வேளையில் வேறிடம் அனுப்பிவிடுங்கள்.

இனிக் கணக்கு. பெயிண்டர்கள் சதுர அடிக்கு விலை சொல்வர். அது தரைப் பரப்பா, சுவர்ப் பரப்பா என்று கேளுங்கள். 12 அடிக்கு 10 அடி அறை, உயரம் 9 அடி என்றால், நான்கு சுவர்கள் 396 சதுர அடி, மேற்கூரை 120, ஆக 516. தரையோ 120 மட்டுமே. கதவு, சன்னல் பரப்பைக் கழிப்பதா என்பதையும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். இல்லையேல் கடைசி நாளில் மனத்தாங்கல் உறுதி.

செலவு பெரிதாயின் வீட்டைப் பழுதுபார்க்கவெனத் தனிக் கடன் உண்டு. மதிப்பீட்டுப் பட்டியல் கேட்பார்கள். தாம் குடியிருக்கும் வீட்டுக்கு இக்கடனின் வட்டியில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை பழைய வருமான வரி முறையில் கழிவு கோரலாம். வீட்டுக் கடன் வட்டிக்கான மொத்த வரம்பினுள் இதுவும் அடக்கம். புதிய முறையில் இக்கழிவு இல்லை. இரசீதுகளைச் சேமித்து வையுங்கள்.

அந்தத் தீபாவளிக்கு அச்சுவர் வெறும் சிமென்ட்டாகவே நின்றது. வந்த உறவினர்க்குக் காரணம் சொல்லி அலுத்தோம். பூச்சு நன்கு உலர்ந்த பின்பு, பிப்ரவரியில்தான் பிரைமர் தடவி வண்ணம் பூசினோம். இரண்டு பருவமழைகள் கடந்துவிட்டன. சன்னல் ஓரத்தில் உள்ளங்கை அளவு மங்கல் ஒன்று மட்டும் தெரிகிறது. பிளாஸ்டிக் தாளை அங்கே ஒட்டியிருக்கிறோம்.